மாமியார் பேரில் ஓர் என்ஜின்

லாஸ்பேட்டை வீட்டில் ஓர் அறை முழுக்கப் பொம்மை ரயிலுக்குத் தண்டவாளம் போட்டிருப்பவன் நான். புது டீசல் என்ஜின் மாடல் வருகிறது என்றதும் முன்பதிவு செய்து எட்டு மாதம் காத்திருந்தேன். அதற்குள் மூன்று முறை விலையை ஏற்றிவிட்டார்கள். கொதித்துப்போய்க் கடையில் கத்தினேன்.

"என்னய்யா, பகல் கொள்ளையா அடிக்கிறீங்க?"

கடைக்காரர் பதிவுப் பட்டியலை என் பக்கம் திருப்பினார். "ஆளுக்கு ஒண்ணுன்னுதான சார் சொன்னோம்? உங்க பேரு, வீட்டம்மா பேரு, மச்சான் பேரு, மாமியார் பேரு. நாலுக்கும் ஒரே போன் நம்பர். இப்படி அள்ளுனா கம்பெனிக்காரன் ஏத்தாம என்ன செய்வான்?"

என் மாமியாருக்கு ரயில் சத்தமே ஆகாது.

குருசுக்குப்பத்திலிருந்து வந்த ஒருவர், இருப்பு இல்லை என்ற பதிலோடு பக்கத்தில் நின்றிருந்தார். "அதுல ஒண்ண எனக்கு வுட்டுக் குடுங்க சார். நானும் எட்டு மாசமா காத்துகினு இருக்கேன்."

அப்போதாவது சரி என்றிருக்கலாம். "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு நான்கையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இன்றும் விலையேற்றத்தைப் பற்றி யாராவது பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது. ஆனால் வாய் திறப்பதில்லை. மூன்று பெட்டிகள் இன்னும் பிரிக்காமலே என் அலமாரியில் இருக்கின்றன.