பதிவுப் புத்தகத்தில் இருந்த பெயர்

எங்கள் வீட்டில் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். அப்போது எனக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழியாகப் படித்ததை வைத்துக்கொண்டு மருந்துப் போத்தல், கரண்ட் பில், பஸ்ஸின் பெயர்ப்பலகை எல்லாவற்றையும் நான்தான் வாசித்துச் சொல்வேன். உப்புவெளியில் எங்கள் ஒழுங்கைக்காரர்கள்கூடக் கடதாசிகளைத் தூக்கிக்கொண்டு என்னைத் தேடி வருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. கொஞ்சமென்ன, நன்றாகவே ஏறியிருந்தது.

அப்பா பிறருடைய படகுகளில் கடலுக்குப் போனவர். சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும் என்று பல வருடங்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்து வைத்திருந்தார். இறக்கக்கண்டியில் ஒரு பழைய பைபர் படகு விற்பனைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தார். பிடித்துவிட்டது. பேசி முடிப்பதற்கு விற்கிறவரே படகின் பதிவுப் புத்தகத்துடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்தப் புத்தகத்தில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவர்தான் படகுக்குச் சொந்தக்காரர்.

அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அப்பா புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

"ஆற்ற பேரில கிடக்கெண்டு வாசி பிள்ளை."

சிங்கள அச்செழுத்து என்றால் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பெயரைக் கையால் எழுதி நிரப்பியிருந்தார்கள். ஒன்றோடொன்று கொளுவிக்கொண்டு ஓடிய அந்தக் கிறுக்கலில் ஓரெழுத்தும் எனக்குப் பிடிபடவில்லை. 'ஏலாது' என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். ஆனால் எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்த மனிதர் சற்று முன்தான் அம்மாவிடம் தன் பெயரைச் சொல்லியிருந்தார். நான் புத்தகத்தில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டுவதுபோல நிறுத்தி நிறுத்தி, அந்தப் பெயரையே வாசித்தேன்.

"ஓம் அப்பா, இவற்ற பேர்தான்."

படகு விற்க வந்த மனிதர் ஒரு கணம் திகைத்துப்போனார். பிறகு சிரித்தார்.

"கெட்டிக்காரப் பிள்ளை" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அரசாங்கக் கந்தோருக்குப் போய்ப் பெயர் மாற்றுகிற வேலையைச் சீசன் முடிந்தபிறகு வைத்துக்கொள்வோம் என்றார் அவர். மீன் படுகிற காலம், நாளை வீணாக்க அப்பாவுக்கும் மனம் வரவில்லை. சம்மதித்து, சேர்த்த காசை எண்ணிக் கொடுத்துவிட்டார்.

மூன்றாவது வாரம் நான் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு கரைக்குப் போயிருந்தபோது, மீனவர் சங்கச் செயலாளர் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் சத்தம் போடவில்லை. எங்கள் படகின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு பேசினார்.

"அண்ணை, இது செத்துப்போன என்ர மனிசன்ர போட். நான் மூதூரில அம்மா வீட்டில நிண்ட நேரம் மனிசன்ர தம்பி வித்துப்போட்டார். என்ர பிள்ளையளுக்கு இதை விட்டா ஒண்டுமில்லை."

அப்பா வீட்டுக்கு ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தார். செயலாளர் திறந்த கையோடு வாசித்தார். அதில் இருந்தது அந்தப் பெண்ணின் கணவருடைய பெயர்.

"இதை ஆர் உங்களுக்கு வாசிச்சுச் சொன்னது?"

அப்பா என்னைப் பார்த்தார். ஒரேயொரு முறைதான்.

"ஒருத்தரும் வாசிக்கேல்லை. நான்தான் பாக்காமல் வாங்கிப்போட்டன்."

சுற்றி நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள். இந்த வயதிலும் இவ்வளவு விசர்த்தனமா என்று ஒருவர் அப்பாவின் முகத்துக்கு நேரேயே கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. படகு அன்றே அந்தப் பெண்ணோடு போய்விட்டது. விற்றவரைத் தேடி அப்பா எத்தனையோ முறை அலைந்தார், ஆள் அகப்படவேயில்லை. முழங்கால் விட்டுப்போகும்வரை அப்பா பிறருடைய படகுகளில்தான் கடலுக்குப் போனார்.

இதை எழுத இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பொய் சொன்னதற்காக மட்டும் அல்ல. அன்று அந்தக் கரையில் எனக்கு அழுகை வரவில்லை. வாசித்தது நான் என்பதை அப்பா மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். நல்லகாலம் அவருக்கு ஞாபகமில்லை என்று, வீடு வரும் வழியெல்லாம் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டே வந்தேன்.