அம்மாவின் கேம் பெட்டி

எங்கள் வீட்டில் யாரும் அதைக் கன்சோல் என்று சொன்னதில்லை. அது ‘கேம்’. ‘கேமைத் தொடைச்சியா’, ‘கேம் மேல கப் வைக்காத’, ‘கேமுக்குப் பொட்டு வெச்சாச்சா’ என்று அம்மா பேசுவதைக் கேட்டால், வீட்டில் மூன்றாவதாக ஒரு பிள்ளை இருப்பதாகத்தான் யாரும் நினைப்பார்கள். சாம்பல் நிறப் பெட்டி, மேலே வட்டமாக ஒரு மூடி, மூடிக்குள் சிடித் தட்டு சுற்றும். அண்ணனும் நானும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது, கொம்தார் வணிக வளாகத்தில் ஒரு கடையில் அப்பா பழையதாக வாங்கி வந்தது.

போன வருடம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அதற்கு எதுவும் ஆகாது என்பது எங்கள் அடுக்குமாடிக்கே தெரியும். ஆரம்ப மாதங்களில் கையை விடாமல் வேலை வாங்கினால் கொஞ்சமாவது திரும்பி வரும், சும்மா மடியில் போட்டு வைத்தால் அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். பயிற்சி கொடுக்க வந்த மலாய்க்காரப் பெண் தங்கமான பிள்ளை. “மக்சிக், மக்சிக்” என்று பெரியம்மாவை அழைப்பதுபோல் அழைத்து, ஒரு பஞ்சுப் பந்தைக் கையில் வைத்துப் பிடிக்கச் சொன்னாள். அவள் போன மறு நிமிடம் பந்து சோபாவுக்கு அடியில் கிடந்தது.

“நாய்க்குப் போடுற பந்தைக் கொண்டாந்து எனக்குக் குடுக்குது,” என்றார் அம்மா.

நான் கத்தினேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். “உங்க கைதானே மா? எனக்கா பயிற்சி?” என்று கத்தினேன். அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கெலுகோர் வீட்டில் அம்மாவும் மகளுமாக நாங்கள் இருவர்தான். அப்பா போய்ப் பல வருடமாகிறது, அண்ணன் கோலாலம்பூரில். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் ஒருவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் இன்னொருவர் என்னதான் செய்வது? அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை டமார் டமார் என்று கழுவினேன். உள்ளுக்குள் பயம். இந்த மனுஷி நம்பிக்கையை விட்டுவிட்டாரோ என்று பயம்.

அப்படி இருந்தபோதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்ததும், “அந்த கேமை எடு,” என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவராக வாய் திறந்து ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை.

இந்தக் கதை புரிய வேண்டுமானால் அம்மா விளையாடிய ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். நாங்கள் கார் ஓட்டுவோம், சண்டை போடுவோம். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் விற்கும் தட்டுகள் எல்லாம் எங்களுடையவை. அதில் ஒன்றைப் போட்டால் கட்டை விழும் ஆட்டம் வரும். மேலிருந்து விதவிதமான வடிவில் கட்டைகள் இறங்கும். இடது கட்டைவிரலால் பக்கவாட்டில் நகர்த்தி, வலது கட்டைவிரலால் திருப்பி, இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிறைந்தால் மறைந்துவிடும். மேலே முட்டினால் ஆட்டம் முடிந்தது. சின்னப் பிள்ளை விளையாட்டு என்று அண்ணன் அதைத் தொடவே மாட்டான்.

ஆனால் பள்ளி விட்டு வந்து தொட்டுப் பார்த்தால் டிவியின் முதுகு சுடும். அப்பா வேலைக்குப் போயிருப்பார். தனக்கு முன்னால் வந்து ஆடிவிட்டேன் என்று அண்ணன் என்னைச் சந்தேகப்படுவான், நான் அவனை. அடிதடிகூட நடந்திருக்கிறது. பிறகு ஒரு நாள் அந்த ஆட்டத்தின் முதலிடப் பட்டியலைத் திறந்தோம். மேலிருந்து கீழ்வரை எல்லா இடத்திலும் ஒரே பெயர்: ஏ, எம், ஏ. “அலாமாக்!” என்று அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, “என்னா? வீட்டு வேலை முடிஞ்சப்புறம் நான் சும்மாவா உக்காந்திருக்கணும்?” என்றார். அதற்குப் பிறகு ஒளிவு மறைவு இல்லை. துவைத்த துணி காயும் நேரம் அம்மாவின் நேரம். கட்டை சரியாக விழுந்துவிட்டால் “ஆங்! அப்படி வாடி என் கண்ணு!” என்று டிவியைக் கொஞ்சுவார். அந்தக் குரலை நான் எவ்வளவு காலமாகக் கேட்கவில்லை என்று, ஸ்டோர் ரூமில் பெட்டியைத் தேடும்போதுதான் உறைத்தது.

எடுத்து வந்து மாட்டினேன். உயிரே இல்லை. சின்னப் பச்சை விளக்குகூட எரியவில்லை. அண்ணன் வீடியோ அழைப்பில் வந்தான். “தலைகீழா வெச்சிப் பாரேன் லா. நாம அப்ப அப்படித்தானே செஞ்சோம்.”

“அண்ணே, தட்டு படிக்கலன்னா தலைகீழா வைக்கலாம். கரண்டே வரல. நீங்க தலைகீழா நின்னாலும் வராது.”

எனக்குப் பிழைப்பே இதுதான். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில், பழுதாகித் திரும்பி வரும் சர்க்யூட் போர்டுகளில் எது கெட்டது என்று கண்டுபிடிக்கும் பிரிவில் வேலை. அங்கே எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. நன்றாக வேலை செய்யும் என்று தெரிந்த பாகத்தைச் சந்தேகப்பட்ட பாகத்தின் இடத்தில் வை. கோளாறு போய்விட்டால் அதுதான் குற்றவாளி. போகாவிட்டால் அடுத்ததைப் பார். அவசரப்பட்டு இரண்டை மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது.

மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வயரை மாற்றினேன், மாற்றமில்லை. மேல்மூடியைக் கழற்றினேன். ஃபியூஸ் நன்றாக இருந்தது. பவர் சுவிட்ச் வரைக்கும் கரண்ட் வருகிறது, அதைத் தாண்டிப் போகவில்லை. சுவிட்சைப் பிரித்தேன். உள்ளே மஞ்சளும் சிவப்புமாக ஏதோ கெட்டியாகக் காய்ந்து கிடந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தேன். சந்தனம்!

ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் சைக்கிள், தையல் மெஷின், அரிவாள்மனை, அப்பாவின் மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. கேமும் மெஷின்தானே? அதற்கும் வருடா வருடம் உண்டு. அம்மா பொட்டு வைத்த இடம் பவர் பட்டன். தண்ணீர் விட்டுக் குழைத்த சந்தனம் பட்டன் ஓரமாக உள்ளே இறங்கி, வருடத்துக்கு ஒரு அடுக்காக உறைந்து போயிருந்தது.

“மா, வேற எடமே கெடைக்கலையா உங்களுக்கு?”

“நெத்தியிலதான் பொட்டு வைப்பாங்க. அதுக்கு நெத்தி அதுதான்,” என்றார். சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மாவும் சிரித்தார். ஒரு பக்க உதடு கொஞ்சம் தாமதமாக வந்தாலும் வந்தது.

சுரண்டித் துடைத்து மாட்டியதும் பச்சை விளக்கு எரிந்தது. தட்டைப் போட்டேன். சுற்றியது, ஆனால் திரை கறுப்பாகவே நின்றது. அண்ணன் திரும்பவும், “இப்ப தலைகீழா?” என்றான். “வாயை மூடுங்கண்ணே,” என்றேன். தட்டைப் படிக்கும் லென்ஸ் ஒரு மிளகு அளவுதான் இருக்கும். அதன் மேல் பழுப்பாகப் படலம். ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியைத் தோய்த்து ஒற்றி எடுத்தபோது பஞ்சில் ஒட்டிய பிசினில் சாம்பிராணி வாசம் வந்தது. சாமிப் படத்துக்குக் கீழேதான் கேம் இருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் புகை. எங்கள் பிரிவில் எத்தனையோ போர்டு பார்த்திருக்கிறேன், பக்தியால் கெட்டுப்போன பெட்டியை இதற்கு முன் பார்த்ததில்லை.

படம் வந்துவிட்டது. அந்தப் பாட்டும் வந்தது, டிங் டிங் என்று. நான் பள்ளி இறுதிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மத்தியானம் எல்லாம் அறைக்கு வெளியே கேட்ட பாட்டு. ஈரத்துணி வாசமும், அப்பாவின் மோட்டார் படிக்கட்டுக்குக் கீழே வந்து நிற்கும் சத்தமும் சேர்ந்து வந்தன. கன்ட்ரோலரை அம்மா மடியில் வைத்து, வலது கட்டைவிரலை எடுத்துப் பட்டன் மேல் நானே பொருத்தினேன்.

கட்டை இறங்கியது. இடது பக்கம் நகர்ந்தது. திரும்பவில்லை. அடுத்தது வந்தது, அதுவும் திரும்பவில்லை. வந்தது வந்தபடியே விழுந்து, கோணல் மாணலாகக் குவிந்து, ஆட்டம் முடிந்தது.

“பட்டன் ரோசாக்,” என்றார் அம்மா. “சரியா பாக்கலையா நீ?”

ரோசாக் என்றால் கெட்டுப்போனது. எங்கள் ஊரில் எல்லாருக்கும் அந்த ஒரு வார்த்தை போதும். எனக்குத் தொழில் ரோஷம் வந்துவிட்டது. இன்னொரு கன்ட்ரோலர் இருந்தது, அதை மாற்றினேன். திரும்பவில்லை. பக்கத்து ஓட்டையில் செருகி இரண்டாவது ஆளாக ஆட வைத்தேன். திரும்பவில்லை. இரண்டு கன்ட்ரோலரும் ஒரே நேரத்தில் கெட்டிருக்குமா? போர்டிலேயே கோளாறா? “தள்ளுங்கமா, குடுங்க” என்று வாங்கி நான் அமுக்கினேன்.

திரும்பியது. மறுபடியும் அமுக்கினேன். திரும்பியது.

வயரை மாற்றியாகிவிட்டது, கன்ட்ரோலரை மாற்றியாகிவிட்டது, ஓட்டையையும் மாற்றியாகிவிட்டது. மாற்றாமல் மிச்சம் இருந்தது அம்மாவின் விரல் ஒன்றுதான். அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் அமுக்கிக்கொண்டுதான் இருந்தோம் என்று அவர் நினைத்திருந்தார். விரல் பட்டன் மேல் படுத்திருந்ததே ஒழிய அமுக்கவில்லை.

“ஆமாமா,” என்றேன். “பட்டன் ரோசாக்தான். சில நேரம் வேலை செய்யுது, சில நேரம் செய்யல. நான் பாத்துக்கறேன்.”

பழுதே இல்லாத பொருளைப் பழுது என்று எங்கள் பிரிவில் யாராவது எழுதினால் நான் கிழிகிழியென்று கிழிப்பேன். அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் செய்தேன். கன்ட்ரோலரைத் திறந்து, திருப்பும் பட்டனிலிருந்து இடது பக்கத் தோள் பட்டனுக்கு ஒரு சின்ன வயரை சால்டரிங் கம்பியால் ஈயம் வைத்து ஒட்டினேன். “இனிமே இந்தப் பக்கம் அமுக்குங்க மா,” என்று இடது ஆள்காட்டி விரலைக் காட்டினேன். கட்டைகள் திரும்பின. ஒரு வரிசை மறைந்தது. அண்ணன் போன் திரையில் கை தட்டினான். அம்மா “ம்” என்றார். கட்டையைக் கொஞ்சவில்லை. களைப்பாக இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரம் வேலை முடிந்து வரும்போதெல்லாம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. வலது கை மடியில் கிடந்தது. நான் பார்த்தும் பார்க்காததுபோல் சமைத்தேன். சந்தோஷமாக இருக்கிறாரே, போதாதா என்று நினைத்தேன். போதாது என்றும் தெரியும்.

சனிக்கிழமை காலை கையில் கன்ட்ரோலரோடு கூப்பிட்டார்.

“இதுல நீ வெச்ச வயரை எடு.”

“ஏன்? நல்லாத்தானே ஓடுது?”

“நீ வேலைக்குப் போனப்புறம், அந்த ரோசாக் பட்டனை எடது கையால அமுக்கிப் பாத்தேன். திரும்புச்சு. பத்து வாட்டி அமுக்குனேன், பத்து வாட்டியும் திரும்புச்சு.” கன்ட்ரோலரை என் பக்கம் நீட்டினார். “பட்டன் ரோசாக் இல்ல. நான்தான் ரோசாக். அதை என்கிட்ட சொல்றதுக்கு என்னா உனக்கு?”

அழுகைதான் வந்தது. “எப்படிமா சொல்றது? உங்க மூஞ்சியப் பாத்துட்டு எப்படிச் சொல்றது?” என்று அதையும் கத்தித்தான் சொன்னேன். நாற்பது வயதைத் தாண்டியவள், தரையில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அம்மா இடது கையால் என் தலையில் ஒரு தட்டு தட்டினார், வலிக்கும்படியாகவே.

“அழுவாத. சால்டரிங்க எடு.”

வயரை எடுத்துவிட்டு மூடினேன். அம்மா தன் வலது கட்டைவிரலை இடது கையால் தூக்கிப் பட்டன் மேல் வைத்தார். கட்டைகள் வந்தன. எதுவும் திரும்பவில்லை. குவிந்தது, முட்டியது, முடிந்தது. மறுபடி ஆரம்பித்தார். முடிந்தது. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. தோளிலிருந்து இழுத்து அந்த ஒரு விரலுக்கு அனுப்புவது எனக்குத் தெரிந்தது. “போதும்மா, சாப்பிட்டு ஆடலாம்,” என்றேன். “நீ போய்ச் சாப்பிடு,” என்றார்.

மத்தியானம் வரை அதே கதைதான். குவியல் உச்சிக்கு வந்துவிட்ட ஓர் ஆட்டத்தில், நீளக் கட்டை ஒன்று படுத்த மேனிக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் படுத்தபடியே விட்டால் சரியாகப் பொருந்தும். திருப்பவே தேவையில்லை. பாதி வழியில் அது எழுந்து நின்றது.

நின்றபடியே இறங்கித் தப்பான இடத்தில் முட்டியது. ஆட்டம் முடிந்தது.

“கெடுத்துட்டேன் பாத்தியா,” என்றார் அம்மா, வாயெல்லாம் சிரிப்பாக. “நான்தான் கெடுத்தேன்.”