பெண் பார்க்கும் நாளில் ஒரு தோட்டாப் பேச்சு

அரக்குப் பட்டும் தலையில் மல்லிகையுமாக மயூர் விஹார் வீட்டின் முன்னறையில் நின்று, மாப்பிள்ளை வீட்டாருக்கு வேட்டைத் துப்பாக்கியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்த என் நாத்தனாரை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கூடவே கண்ணும் கலங்குகிறது.

என் கணவரின் தங்கை அவள். தடய அறிவியல் ஆய்வகத்தில் துப்பாக்கிப் பிரிவில் வேலை. அன்று காலை அவளுக்கு நீதிமன்றத்தில் சாட்சியம். வயல் தகராறில் அண்ணனைச் சுட்டதாக ஒரு விவசாயி சிறையில் இருந்தார். உரிமத்தோடு வேட்டைத் துப்பாக்கி வைத்திருந்தவர். வயலில் கிடந்த காலித் தோட்டாக் கூடு அந்தத் துப்பாக்கியினுடையதுதான் என்றது போலீஸ்; அளவும் பொருந்தியது. "ஜல்தி, மேடம்" என்று அவர்கள் நெருக்கியபோதும், திரும்பத் திரும்ப நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, இல்லை என்று எழுதியிருந்தாள்.

மாப்பிள்ளை வீட்டாரும் எங்களைப் போலத் தலைநகரில் குடியேறிய திருநெல்வேலிக்காரர்கள்தான். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள்; அவள் இன்னும் கோர்ட்டிலிருந்து திரும்பவில்லை. "மெட்ரோல கூட்டம்" என்று சமாளித்துக் கேசரி பரிமாறினேன். அவள் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்து, அவசரமாகப் புடவை கட்டி வந்து நின்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா ஆசையாகக் கேட்டார்: "லேப்ல வேலைன்னாங்களே, சர்க்கரை, கொழுப்பெல்லாம் பாப்பியாம்மா?"

"இல்ல அத்தை, தோட்டா பாப்பேன்."

ஸ்பூன் சத்தம் நின்றது. அவளோ நிறுத்தாமல், காலையில் சாட்சி சொன்ன விவசாயியின் வழக்கையே விளக்கினாள். "அவரோட மாதிரி வேட்டைத் துப்பாக்கில சுட்டா காலிக் கூடு உள்ளயே இருக்கும், அத்தை. கையால இழுத்தாத்தான் வெளிய வரும். செமி ஆட்டோமேட்டிக்னா சுட்ட வேகத்துல அதுவே கூட்டை வீசி எறிஞ்சிட்டு அடுத்ததை ஏத்திக்கிடும். எறியும்போது கூடு நசுங்கும். வயல்ல கிடந்த கூட்டுல அந்த நசுங்கல் இருக்கு. சுடும்போது துப்பாக்கி ஊசி கூட்டோட அடியில குத்துன தடமும் வேற. அந்த ஆளு சுடல."

மாப்பிள்ளையின் அப்பா வாயைத் துடைத்துக்கொண்டார். "கல்யாணத்துக்கப்புறம் இதெல்லாம் விட்டுறலாம்லா?"

"விட மாட்டேன், மாமா."

போன் செய்வதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். மாப்பிள்ளை கடைசிவரை வாயே திறக்கவில்லை. "ஒரு நாளாவது சும்மா இருக்கக் கூடாதா?" என்று என் கணவர் கத்தினார். பால்கனியில் நின்று அழுதவளின் அருகே போனேன்.

"அவங்க போனதுக்கு அழல, மதினி. கோர்ட்ல அந்த ஆளு என்னையே பாத்துக்கிட்டு நின்னாரு. நான் சொன்னதை நம்புவாங்களான்னு தெரியல."

சில நாள் கழித்து என் போன் அடித்தது. அந்த மாப்பிள்ளைதான். தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அக்கா, அந்த விவசாயியை விட்டுட்டாங்களா?"

அன்றுதான் ஜாமீன் கிடைத்திருந்தது. "நீங்களே அவகிட்ட கேளுங்க தம்பி" என்று போனை அவளிடம் நீட்டிவிட்டு அடுக்களைக்குப் போனேன். சமையல் முடிந்தும் அவர்கள் பேச்சு முடியவில்லை.

இப்போது இருவரும் கல்யாணமாகி ஹைதராபாத்தில். எங்கள் முன்னறையில் டிவி மட்டும் பேசுகிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் ஏதாவது வழக்கைத் தொடங்கினால், பின்னாலிருந்து அவர் குரல் கேட்கும்: "முதல்லேர்ந்து சொல்லு. உன் மதினிக்குப் புரியணும்லா."