மாலைக்குப் பின்னால் இருந்த பலகை

மூன்று வருடங்களுக்கு முன்பு, விஜயதசமி விடுமுறை முடிந்து மறுபடி வேலை தொடங்கிய நாள் காலை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில், செருப்புக்கும் பிளைவுட்டுக்கும் பசை தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் நான் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். ஸ்டோர்ஸும் என் பொறுப்புதான். அன்று நடந்ததை வெளியில் நான் அதிகம் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் என் முட்டாள்தனத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

எங்கள் பசைக்கு டொலுவீன் என்று ஒரு திரவம் தேவை. பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்ளும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே போகாமல் தரையோடு படுத்துக் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது. அந்த டிரம்கள் இருக்கும் அறைக்குள் செல்போன்கூடக் கொண்டுபோகக் கூடாது. வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது, அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே காலை வைக்க வேண்டும். டிரம்களைக் கைவண்டியில் தள்ளித் தள்ளி ஆட்களுக்கு முதுகு போனதால், அந்த அறைக்குப் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஒன்று வாங்குவது என்று முடிவானது.

"பேட்டரி வண்டி வாங்கிடும்மா. டீசல் இல்ல, புகை இல்ல, அப்புறம் என்ன பயம்?" என்றார் முதலாளி.

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். படிக்கப் படிக்கத்தான் விஷயம் புரிந்தது. புகை வராத வண்டிக்குள்ளும் பொறி வரும். மோட்டாருக்குள் வரும், சுவிட்சுக்குள் வரும், ஹாரனுக்குள்கூட வரும். டொலுவீன் ஆவிக்கு அந்த ஒரு பொறி போதும். இந்த மாதிரி அறைகளுக்கென்றே 'ஃபிளேம் ப்ரூஃப்' வண்டி என்று தனியாக இருக்கிறது. பொறி உண்டாகும் ஒவ்வொரு பாகத்தையும் தடித்த பெட்டிக்குள் அடைத்திருப்பார்கள். டிரம்மைத் தூக்கும் இரண்டு இரும்புக் கைகளுக்கும், உரசினால் பொறி வராமலிருக்க, பித்தளை உறை போட்டிருப்பார்கள். விலையும் தலையைச் சுற்றும்.

எட்டு மாதம் சண்டை போட்டேன். ஒரு வியாபாரி சாதாரண வண்டிக்கே சிவப்புப் பெயின்ட் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார். சான்றிதழ் கேட்டால் மோட்டாருக்கு மட்டும் நீட்டினார். "மோட்டார் மட்டும் தனியாப் போய் டிரம்மத் தூக்குமா சார்?" என்று கேட்டு அனுப்பிவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். முதலாளியிடமும் அதே வாயைக் காட்டி, கடைசியில் சரியான வண்டியைத்தான் வாங்கவைத்தேன்.

வண்டியை ஓட்டப்போகிறவர் பூந்தமல்லிக்காரர், ஐம்பதை நெருங்கும் வயது. தொழிற்சாலையே அவரை 'பாய்' என்றுதான் கூப்பிடும். வண்டி வந்து இறங்கிய அன்று நான் டார்ச் அடித்து அடிப்பக்கம் வரை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். "இன்னா மேடம், மாடு வாங்க வந்தா மாதிரி பல்லெல்லாம் எண்ணிகினு கீறீங்க?" என்றார்.

வண்டியைக் கொண்டுவந்த கம்பெனியின் என்ஜினீயர் போகும்போது ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். இதில் ஒரு ஓட்டை போட்டாலும், ஒரு வயர் சேர்த்தாலும் இது சாதாரண வண்டியாகிவிடும் என்று. அன்று மாலையே ஒரு பலகை எழுதவைத்தேன். 'இந்த வண்டியில் எந்த மூடியையும் திறக்கக் கூடாது. எந்த வயரையும் சேர்க்கக் கூடாது.' ஓட்டை போடக் கூடாதே, அதனால் ஓட்டுநரின் தலைக்கு மேலே முன் கம்பியில் அதைக் கட்டித்தான் தொங்கவிட்டேன். என் கையாலேயே.

அடுத்த மாதமே ஆயுத பூஜை வந்தது.

எங்கள் தொழிற்சாலையில் ஆயுத பூஜைக்கு ஒரு போட்டி உண்டு. எந்தப் பிரிவு இயந்திரத்தை நன்றாக அலங்காரம் செய்கிறதோ அதற்குப் பரிசு. பரிசு என்றால் ஒரு எவர்சில்வர் ஹாட் பாக்ஸ், அவ்வளவுதான். ஆனால் பேக்கிங் பிரிவு வருடா வருடம் அதை வாங்கிக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரிப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அவர்கள் தங்கள் டீசல் வண்டிக்கு வண்ண வண்ண சீரியல் பல்பு சுற்றியிருப்பார்கள். இந்த வருடம் தொழிற்சாலையிலேயே விலை உயர்ந்த வண்டி எங்களிடம் இருக்கிறது. விடுவேனா?

குமணன்சாவடியில் இறங்கி, கை கொள்ளாத அளவுக்குச் சாமந்தி மாலையும் இரண்டு வாழைக்கன்றும் வாங்கி வந்தேன். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சீரியல் பல்பு சுற்றச் சொன்னேன். அவர் தயங்கினார். "கரன்ட்டுக்குப் பேட்டரி மூடியைத் தொறக்கணுமே மேடம்?" என்று கேட்டார்.

"ரெண்டு நாள்தானே. வண்டி வெளியிலதான நிக்கப்போகுது. பூஜை முடிஞ்சதும் எடுத்துடலாம்" என்றேன்.

அவர் பேட்டரியிலிருந்து நேராக இரண்டு வயர்களை இழுத்துவிட்டார். சுவிட்ச்கூட வைக்கவில்லை. பேட்டரி வயர் முனையையும் பல்பு வயர் முனையையும் கையால் முறுக்கினால் பல்பு எரியும், பிரித்தால் அணையும். அப்புறம் நான் ஸ்டூல் போட்டு ஏறி, முன் கம்பியில் மாலையைப் போட்டேன். கனமான மாலை. அதற்குப் பின்னால் என் பலகை முழுசாக மறைந்துபோனது. அது எனக்கு உறைக்கவே இல்லை. ஹாட் பாக்ஸ் எங்களுக்குத்தான் கிடைத்தது.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

பூஜைக்குப் போட்ட மாலையை யாரும் உடனே கழற்றுவதில்லை. அதுவாகக் காயட்டும் என்று விட்டுவிடுவார்கள். மாலையோடு பல்பும் அப்படியே இருந்தது. நாங்கள் வந்து பையை வைப்பதற்குள் டொலுவீன் லாரி வாசலில் நின்று ஹாரன் அடித்தது. "முதல்ல லோடை இறக்கிடலாம் பாய், அப்புறம் இதெல்லாம் எடுத்துக்கலாம்" என்று சொன்னதும் நான்தான்.

பாய் முதல் நாலு டிரம்மோடு அறை வாசலுக்குப் போகும் சரிவில் ஏறினார். வண்டி லேசாகக் குலுங்கியது. அப்போது வண்டி முழுவதும் வண்ணப் பல்புகள் ஒரு கணம் எரிந்து அணைந்தன. லாரிக்காரர் சிரித்தார். "கண்ணடிக்குது பாருங்க மேடம்" என்றார். நானும் சிரித்தேன். சத்தியமாகச் சிரித்தேன். வண்டி அறைக்குள் போனது.

ரசீதை எடுத்துக்கொண்டு நான் அறை வாசலுக்குப் போய் நிற்கவும் உள்ளே 'சடக்' என்று ஒரு சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. டிரம்களுக்கு அடியில் இருந்த மரப்பலகை ஒன்று முறிந்து, ஒரு டிரம் சுவர்ப்பக்கம் சாய்ந்து நின்றது. அதன் மூடியைச் சரியாக இறுக்காமல் அனுப்பியிருக்கிறார்கள். கொப்புளித்துக்கொண்டு கொட்டியது. தரையில் பளபளவென்று பரவி, வண்டியின் சக்கரங்களுக்கு அடியில் போனது. குப்பென்று வாடை. பாய் உடனே வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டார். பதறாத மனிதர். இறங்கி வெளியே வந்துவிடலாம் என்று ஒரு காலைத் தூக்கினார்.

அவர் தூக்கியபோது வண்டி ஆடியது. அப்போதுதான் நான் பார்த்தேன். அவருடைய இடது தோளுக்குப் பின்னால், கம்பியிலிருந்து அந்த இரண்டு வயர் முனைகளும் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றையொன்று தொடவில்லை. நடுவில் விரல் அளவு இடைவெளி. ஆடிக்கொண்டிருந்தன.

சரிவில் பல்பு ஏன் எரிந்தது என்று அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தது.

"பாய், அசையாதீங்க!"

எனக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை. தூக்கிய கால் தூக்கியபடி நின்றது.

"இன்னா மேடம்? வண்டி ஆஃப்லதான கீது?"

"வண்டி ஆஃப். வயர் ஆஃப் இல்ல. உங்க பின்னாடி சீரியல் பல்பு வயர் தொங்குது. பேட்டரியில இருந்து நேரா வருது. ரெண்டும் தொட்டா பொறி வரும்."

அவர் தரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "யாரு இத நேரா பேட்டரில மாட்டுனது?" என்றார்.

"நான்தான் பாய். நான்தான் மாட்டச் சொன்னேன்."

அவர் தூக்கிய காலை மெதுவாக, பழைய இடத்திலேயே வைத்தார். எனக்குப் பின்னால் ஓடிவந்த ஆட்களையெல்லாம் வெளி கேட்டுக்குப் போகச் சொல்லி, தீயணைப்புக்குத் தகவல் சொல்லச் சொன்னேன். வாசலில் இருந்த மரப்பெட்டிக்குள் அப்போது பாயின் செல்போன் அதிர ஆரம்பித்தது. எட்டிப் பார்த்தேன். திரையில் 'ஊடு' என்று இருந்தது. அவர் வீட்டிலிருந்து கூப்பிடுகிறார்கள். அது அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"பாய், திரும்பாம கைய மட்டும் பின்னாடி கொண்டுபோங்க. நான் சொல்றேன்."

அவர் இடது கையை மெல்லப் பின்னால் நீட்டினார். கண்ணுக்குத் தெரியாத வயரைக் கையால் தேட வேண்டும். தப்பாகத் தட்டினால் இரண்டும் சேர்ந்துவிடும்.

"இன்னும் மேல. போதும். கொஞ்சம் வெளிப்பக்கம். ஐயோ, இல்ல, உள்ள வராதீங்க, வெளிப்பக்கம்... அங்கதான். இப்ப புடிங்க."

விரல்கள் ஒரு முனையை மூடிக்கொண்டன. அவர் உதடுகள் அசைந்தன. என்ன ஓதினார் என்று எனக்குக் கேட்கவில்லை. ஆனால் பிடித்த வயர் குட்டையானது. அதை விட்டால்தான் இறங்க முடியும். விட்டால் மறுபடி ஆடும். அந்த வாடைக்குள் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார்? அவர் முகம் வேர்த்திருந்தது, கண்கள் கலங்கிச் சிவந்திருந்தன.

நான் துப்பட்டாவை உருவி எறிந்தேன். பளபள என்ற நைலான் துப்பட்டா, பூஜைக்கு எடுத்தது, உரசினாலே பொறி வரும் ரகம். சுடிதார் நல்லவேளையாகப் பருத்தி. புதுச் செருப்பையும் கழற்றிவிட்டேன். உடம்பில் இருக்கும் மின்சாரம் மண்ணுக்குப் போவதற்காக வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கிறோம், அதை உள்ளங்கையால் அழுத்தினேன். எண்ணெய் துடைக்கும் பருத்தித் துணியில் இரண்டு துண்டை எடுத்துக்கொண்டேன்.

"வராதீங்க மேடம். வெளிய இருந்துகினு சொல்லுங்க, போதும்."

போனேன். டொலுவீன் உள்ளங்காலில் பட்டதும், ஊசி போடுவதற்கு முன் தடவும் ஸ்பிரிட் மாதிரி ஜில்லென்றது. கொஞ்ச நேரத்தில் எரிய ஆரம்பித்தது. பத்து அடிதான் இருக்கும், தாம்பரம் வரை நடந்த மாதிரி இருந்தது. தொங்கிக்கொண்டிருந்த இன்னொரு முனையைப் பிடித்துத் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. அப்புறம் பாயின் கையிலிருந்த முனை. அவர் விரல்களைப் பிரிக்க முடியவில்லை, இறுகிப்போயிருந்தன. "விடுங்க பாய், நான் புடிச்சிருக்கேன்" என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

இரண்டு பேரும் வெளியே வந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். வாடையால் வந்த கண்ணீர் என்று யாராவது நினைத்திருக்கலாம். அது பயமும் வெட்கமும். பாய் மரப்பெட்டியிலிருந்து போனை எடுத்து, தள்ளிப்போய் வீட்டுக்குப் பேசினார். "ஒண்ணும் இல்லம்மா. வேலையா கீறேன், அதான் எடுக்கல" என்றார். குரலில் எந்த மாற்றமும் இல்லை.

தீ எதுவும் பிடிக்கவில்லை. தீயணைப்பு வண்டி வந்தது, மணலைக் கொட்டி அள்ளினார்கள், மதியத்துக்குள் அறையும் காய்ந்துவிட்டது. பாதுகாப்பு அதிகாரி, நான் உள்ளே போயிருக்கவே கூடாது என்று காய்ச்சி எடுத்தார். இருக்கலாம். இன்றைக்கும் எனக்கு அதற்குப் பதில் தெரியாது.

விசாரணைத் தாளில் எலக்ட்ரீஷியன் பெயரைப் போடுவது ரொம்பச் சுலபமாக இருந்திருக்கும். போடவில்லை. முதலாளி அறைக்குப் போய், எலக்ட்ரீஷியன் என் சொல்லைத்தான் கேட்டார் என்று நடந்ததை முழுவதும் சொன்னேன். வேலை போகும் என்று நினைத்தேன். முதலாளி கத்தவில்லை. "ஏம்மா, அந்த வண்டிதான் வேணும்னு எங்கிட்ட அவ்வளவு சண்டை போட்டது நீதானே?" என்று மட்டும் கேட்டார். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

கம்பெனி என்ஜினீயர் வந்து மூடியைப் பிரித்துப் பார்த்து, மறுபடி சரி என்று சொல்லும் வரை வண்டி மூலையில் நின்றது. அதுவரை பாய் பழையபடி கைவண்டியில் டிரம் தள்ளினார். அவர் ஸ்டோர்ஸைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நான் ரசீதுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்வேன். ஒருநாள் அவரே வந்து மேஜை முன் நின்றார்.

"எட்டு மாசம் பல்லு எண்ணி வாங்குன வண்டி மேடம். அதுமேல ஒரு தப்பும் இல்ல" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "மன்னிப்பு அது இதுன்னு கேட்டுகினு இருக்காதீங்க. நடந்து உள்ள வந்தீங்க இல்ல, அது எனக்குப் போதும். அடுத்த பூஜைக்கு மாலைய உங்க மேஜைக்குப் போட்டுக்குங்க, அது எங்கயும் போவாது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அன்றைக்குத்தான் நானும் பழையபடி சிரித்தேன்.

அந்த ஹாட் பாக்ஸ் இன்னும் என் பீரோ மேல் அட்டைப்பெட்டியோடு இருக்கிறது. அதில் நாங்கள் ஒரு இட்லிகூட வைத்ததில்லை. பூஜை வருடா வருடம் வருகிறது, பாய் வண்டியைக் கழுவி நிறுத்துகிறார், நான் ஸ்டூல் போட்டு ஏறுகிறேன். சின்ன மாலைதான், அதையும் பலகைக்குக் கீழே கட்டுகிறேன். கட்டிய பிறகு, நானே எழுதவைத்த அந்த இரண்டு வரியை, யார் சிரித்தாலும் பரவாயில்லை என்று வாய்விட்டு ஒரு தடவை படித்துவிட்டுத்தான் இறங்குகிறேன்.