விழுமுன் இழுக்கும் மூச்சு

ஐயாசாமி மூச்சை இழுக்கிறார். திரையில் இன்னும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தலைக்கவசம் போட்ட ஜப்பான்காரர் ஒருவர், சேற்றுக் குட்டைக்கு மேல் உருளும் மரத்தின் மீது கைகளை விரித்துக்கொண்டு நன்றாகத்தான் நிற்கிறார். பார்த்தால் கரையேறிவிடுவார் போல இருக்கிறது. இழுத்த மூச்சு ஐயாசாமியின் நெஞ்சில் ஒரு கணம் தங்குகிறது. பிறகு “ஆயோ மாமா!” என்று அவர் கத்துவதற்கும் அந்த மனிதரின் கால் பிசகுவதற்கும் சரியாக இருக்கிறது.

நாளைக்கு இந்தக் கேசட்டை வாடகைக்கு எடுத்துப் போகிறவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அந்த மூச்சு அவர்களுக்குக் கேட்காது. ஒலிப்பதிவுப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் க்ளெமான், மூச்சு இழுக்கும் நேரத்தில் மட்டும் குமிழைத் திருகிச் சத்தத்தை அடக்கிவிடுவார். நேரில் கேட்கிற எனக்குத்தான் சிரிப்பு வருவதில்லை.

மொரீஷியஸின் வடபகுதியில் ட்ரியோலே என்று ஓர் ஊர். ஊர் என்றால் ஒரே ஒரு சாலைதான். இரண்டு பக்கமும் வீடும் கடையுமாகப் போய்க்கொண்டே இருக்கும், பின்னால் கரும்பு. பஸ்ஸில் தூங்கி விழித்துப் பார்த்தாலும் ட்ரியோலேயாகவே இருக்கும். சிதம்பரத்திலிருந்து தமிழ் வாத்தியாராக வந்த நான் இங்கே குடியிருக்கிறேன். என் வீட்டுக்கு எதிரே க்ளெமானின் வீடியோ கடை. அதன் பின்னறைதான் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ஜப்பானாக மாறுகிறது. பஸ் ஹாரன் உள்ளே வராமல் இருக்க, ஸ்வெட்டர் ஆலையில் கழித்த துண்டுகளை மூட்டை மூட்டையாகக் கட்டிச் சுவரெல்லாம் தொங்கவிட்டிருக்கிறார்கள். உள்ளே போனால் நம் குரலே யாரோ பேசுவது போல இருக்கும்.

போர்ட் லூயி துறைமுகத்துக்கு ஜப்பான் மீன்பிடிக் கப்பல்கள் வருகின்றன. மாலுமிகளிடமிருந்து க்ளெமான் வாங்கி வருகிற கேசட்டுகளில் பாதிக்கு மேல் இந்த விளையாட்டுதான். சோப்புப் பூசிய சரிவில் ஏறுவது, உருளும் மரத்தைத் தாண்டுவது, கயிற்றில் தொங்கிக் குட்டையைக் கடப்பது. கடைசியில் பெரும்பாலும் சேறு. அந்த ஊர்க் கேசட்டுக்கும் இந்த ஊர்ப் பெட்டிக்கும் ஏனோ ஒத்துக்கொள்வதில்லை. படம் வரும், நிறம் வராது. ஆளும் சாம்பல், வானமும் சாம்பல், சேறும் சாம்பல். ஜப்பானியச் சத்தத்தை க்ளெமான் அடியோடு அழித்துவிடுவார். அந்த மௌனத்தின் மேல்தான் ஐயாசாமி இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் பேசுவார்.

பேச்சென்றால் அப்படி ஒரு பேச்சு. சோப்புச் சரிவில் முட்டி மோதும் கூட்டம் அவர் கண்ணுக்கு ஆலை வாசல். “கெத் லி, லி ஆன் ரெத்தார், பிஸ் லிஸின் ஃபின் அலே” என்பார். பாரு அவனை, நேரமாகிவிட்டது, ஆலை பஸ் போயே போய்விட்டது என்று அர்த்தம். இப்போது இந்தத் தீவில் வீட்டுக்கு ஒருவராவது ஆலைக்குப் போகிறார்கள், இல்லையென்றால் கடற்கரை ஹோட்டலுக்குப் போகிறார்கள். பஸ்ஸைத் தவறவிட்டவன் சேற்றில் விழுந்தால் அவர்களுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. அந்தச் சிரிப்புக்குத் துணையாகக் கேசட்டிலும் ஒரு சிரிப்பு உண்டு. ஆலைச் சாப்பாட்டு அறையில் பியெரெட் என்ற பெண் சிரித்ததை எப்போதோ பதிவு செய்து, ஒவ்வொரு விழுகைக்கும் அதையே போடுகிறார்கள். பியெரெட் போன வருஷம் காய்ச்சலில் இறந்துபோனார். யார் விழுந்தாலும் இன்னும் சிரிக்கிறார்.

ஐயாசாமியும் ஸ்வெட்டர் ஆலைக்காரர்தான். பின்னி வருகிற துணியை விளக்குக்கு எதிரே பிடித்து ஓட்டை தேடுவது அவர் வேலை. குட்டையான ஆள்; புருவத்தில் எப்போதும் கம்பளிப் பஞ்சு ஒட்டியிருக்கும். வாயில் ஒரு கிராம்பு. வீட்டில் கிரியோல்தான் பேச்சு. தமிழ் அவருக்குக் கோயில் மைக்கில் வந்தது. பல வருஷமாக ஊர்க் கோயிலின் அறிவிப்பாளர் அவர்தான். அதனால் என்னிடம் தமிழில் பேசினால் அறிவிப்பாகத்தான் பேசுவார். “மிஸ்யே, பக்தர்கள் அமரவும். தேநீர் பெற்றுக்கொள்ளவும்.” நான் ஒருவன்தான் பக்தர்கள். போகும்போது “வந்திருந்து சிறப்பித்தமைக்கு நன்றி” என்று வாசல் வரை வந்து சொல்வார். ‘மிஸ்யே’ என்றால் இங்கே ஐயா. அவருடைய ‘ஆயோ’ நம் ஐயோதான், கப்பலேறி வந்து உருமாறிக் கிடக்கிறது; ‘மாமா’ என்றால் இங்கே அம்மா.

கேசட்டை முன்கூட்டியே போட்டுப் பார்த்து மனப்பாடம் செய்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை க்ளெமான் துறைமுகத்திலிருந்து நேரே வந்து, மீன் வாடை போகாத புதுக் கேசட்டை என் கண்ணெதிரே சொருகினார். யாரும் பார்க்காத கேசட். ஐயாசாமி கிராம்பைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசத் தொடங்கினார். மூச்சு இழுத்த இடத்திலெல்லாம் ஆள் விழுந்தான். இழுக்காத இடத்தில், தள்ளாடித் தடுமாறி, அவ்வளவுதான் என்று நான் முடிவு கட்டியவன்கூடக் கரையேறினான். எப்படி என்று கேட்டேன்.

“ஸெபோல், மிஸ்யே” என்று தன் தோளைத் தட்டிக் காட்டினார். “லிப்யே மான்தேர். ஸெபோல் பா மான்தேர்.” கால் பொய் சொல்லும், தோள் பொய் சொல்லாது என்கிறார். விழப்போகிறவனுக்கு ஒரு தோள் முதலில் இறங்கிவிடுமாம். எனக்கு அன்று எந்தத் தோளும் இறங்கித் தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் தோளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். அது நல்ல பழக்கமில்லை.

பஸ் நிறுத்தத்தில் எல்லோரும் சாலையைப் பார்த்து நிற்க, ஐயாசாமி மட்டும் சாலைக்கு முதுகைக் காட்டி, கரும்பைப் பார்த்துக்கொண்டு நிற்பார். முதலில் ஏதோ கோபக்காரர் என்று எண்ணினேன். காரணம் பியேர். பியேர் ஹோட்டல் சுவர்களுக்கு வண்ணம் பூசுகிறவர். ஒரு நாள் அவர் ஏணி உச்சியில் நிற்க, கீழே பஸ்ஸுக்குக் காத்திருந்த ஐயாசாமி அண்ணாந்து பார்த்திருக்கிறார். கத்தல் தானாக வந்துவிட்டது. பியேர் விழுந்தார், இப்போது தடி ஊன்றி நடக்கிறார். அவர் விழப்போனதால் இவர் கத்தினார் என்று ஊரில் பாதிப் பேர் சொல்கிறார்கள். பியேரைக் கேட்டால், “மோ தி தான் கிரியே, மோ தி விரே” என்கிறார். கத்தல் கேட்டது, திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான். அவருக்கு வருத்தமொன்றும் கிடையாது. வாரந்தோறும் கேசட் எடுத்துப் போகிறார். ஆனால் ஐயாசாமி பஸ்ஸில் ஏறினால் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

நானே ஒருமுறை பிடித்திருக்கிறேன். மழை விட்ட மதியம், வீடியோ கடையின் பின்படியில் கால் வைத்தேன். எனக்குப் பின்னால் அந்த மூச்சு. கதவு நிலையை இறுகப் பற்றிக்கொண்டு திரும்பினேன். ஐயாசாமி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். படியில் பாசி இருந்தது. நான் விழவில்லை. படித்தவன், இதையெல்லாம் நம்பக் கூடாதவன், அன்று இரண்டு கடை தள்ளிப் போய் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தேன். பயமாகத்தான் இருந்தது.

போன வருஷம் அவர் குரல் போய்விட்டது. தொண்டையில் ஏதோ முளைத்து, அறுத்து எடுத்தார்கள். குரல் திரும்புமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. க்ளெமான் தானே பேசிப் பார்த்தார், ஒருவரும் சிரிக்கவில்லை. கோயில் மைக்கும் சும்மா கிடந்தது. அப்போது அவர் மனைவி அலமேலு திரௌபதை அம்மனிடம் வேண்டிக்கொண்டார்: இவருக்குக் குரல் வந்தால் தீ மிதிக்கிறேன். குரல் வந்தது. வந்த குரலோடு அந்தக் கத்தலும் வருமே என்றுதான் வீட்டில் பயம் பிடித்துக்கொண்டது.

இந்த ஊர்க் கோயிலில் ஒரு வழக்கம். விரதம் இருந்தவரின் பெயரை மைக்கில் கூப்பிட்ட பிறகுதான் அவர் நெருப்பில் இறங்க வேண்டும். தீக்குழி முடிகிற இடத்தில் ஒரு பால் குழி உண்டு. முன்னால் போனவர் பாலில் கால் வைத்ததைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த பெயர். அதாவது, கூப்பிடுகிறவர் கண்ணை மூடிக்கொள்ள முடியாது.

இந்த வருஷம் வேறு யாராவது மைக்கைப் பிடிக்கட்டும் என்று ஐயாசாமி மன்றாடினார். நான் அங்கே தேநீர் பெற்றுக்கொண்டிருந்தேன். மஞ்சள் புடவைக்குக் கரை மடித்துக்கொண்டிருந்த அலமேலு நிமிரவே இல்லை.

“தோ மேம் பூ கிரியே மோ நோம்” என்றார். நீயேதான் என் பெயரைக் கூப்பிட வேண்டும். பிறகு எனக்காகத் தமிழுக்கு வந்தார். “குரல் அம்மன் கொடுத்தது, மிஸ்யே. அம்மன் முன்னாலே கூப்பிடணும். இல்லே, நான் இறங்க மாட்டேன்.”

“ஸி மோ கிரியே?” என்றார் ஐயாசாமி. நான் கத்திவிட்டால்?

அலமேலு ஊசியைப் புடவையில் குத்தி வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். “பா கிரியே.” கத்தாதே.

அன்று நான் நன்றி அறிவிப்பு இல்லாமலே வெளியே வந்தேன்.

தீமிதி அன்று சாயங்காலம் சாலையே கோயிலுக்குள் வந்துவிட்டது போலக் கூட்டம். மாமரத்தில் ஒலிபெருக்கிகள். பால் குழிக்கு அருகே ஒரு பலகை போட்டு அதன் மேல் ஐயாசாமி, கையில் மைக். நான் அவருக்குப் பின்னால், கயிறு கட்டிய கம்பின் ஓரம். எதிர்ப்புறம் பியேர் தடியோடு நின்றிருந்தார். ஒவ்வொரு பெயராக வந்தது, ஒவ்வொருவராக இறங்கினார்கள். கோவிந்தா, கோவிந்தா. ஐயாசாமியின் குரல் மணி போல இருந்தது. எனக்கு மட்டும் அவர் முதுகு தெரிந்தது; சட்டை முழுக்க நனைந்துவிட்டிருந்தது.

“அலமேலு ஐயாசாமி” என்றார்.

அலமேலு வேப்பிலையை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஓடவில்லை, அடி எடுத்து வைத்து வந்தார். பாதிக் குழி தாண்டியிருப்பார். அவருடைய இடது தோள் இறங்கியது. இதை நானே பார்த்தேன். கால் அப்போதும் நேராகத்தான் வந்துகொண்டிருந்தது.

ஐயாசாமி மூச்சை இழுத்தார். இங்கே குமிழைத் திருக க்ளெமான் இல்லை. மாமரத்திலிருந்து அந்த மூச்சு ஊருக்கே கேட்டது. கோவிந்தா நின்றுவிட்டது. நெருப்பு வெடிக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. ஒருவரும் அலமேலுவைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் ஐயாசாமியின் வாயைப் பார்த்தார்கள். பியேர் தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் கம்பைப் பிடித்தேன்.

மைக் மண்ணில் விழுந்த சத்தம் வந்தது. கத்தல் வரவில்லை. பக்கவாட்டில் எட்டிப் பார்த்தேன். ஐயாசாமி தன் வலது கையை, கட்டைவிரலுக்குக் கீழே, வாய் கொண்ட மட்டும் கடித்துக்கொண்டிருந்தார். கண் திறந்தே இருந்தது. அலமேலு நெருப்பின் நடுவே ஒரு கணம் அவரையே பார்த்து நின்றார். நிற்கக் கூடாத இடம் அது. பிறகு இறங்கிய தோள் மெல்ல மேலே ஏறியது. நடந்தார். பாலில் கால் வைத்தார்.

கூட்டம் கோவிந்தா சொல்ல மறந்து நின்றது. அலமேலு பால் சொட்டும் காலோடு நேரே பலகைக்கு வந்தார். ஐயாசாமி இன்னும் கையை விடவில்லை. முகம் கறுத்துக்கொண்டே போனது. தாடையைப் பிடித்து அழுத்திப் பல்லிலிருந்து கையை எடுத்தார் அலமேலு. அதில் ரத்தம். அவரைக் குழியோரம் மண்டியிட வைத்து, அந்தக் கையைப் பாலில் அமிழ்த்திப் பிடித்துக்கொண்டார். நெருப்புக்கு அந்தப் பக்கம் அடுத்தவர் வேப்பிலையோடு காத்திருந்தார்.

ஐயாசாமி இடது கையால் மண்ணில் துழாவி மைக்கை எடுத்தார். அதன் வாயை அதே உள்ளங்கையால் இறுக மூடிக்கொண்டார். பிறகுதான் மூச்சை விட்டார்.