உள்ளங்கைச் சீனி

"சீனியைக் கையில குடுங்கக்கா." ஓட்டுக் கேட்டு பல்லேபொலவில் எங்கள் வீட்டுக்கு வந்த வேட்பாளர் உள்ளங்கையை நீட்டினார்.

சின்ன வயதில், ரத்தோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லய வீடுகளுக்கும் ஒருவர் இப்படித்தான் வந்தார். தரையில் உட்கார்ந்து, எங்களைப் போலவே உள்ளங்கைச் சீனியை நக்கிக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்தார். லயத்துக்குக் குழாய் போட்டுத் தந்த எதிர் வேட்பாளரோ சிரிக்கவே மாட்டார்.

"குழாய் கெடக்கட்டும். இவருதான் நம்ம மனுசன்," என்றார் அப்பா. தோட்டத்தில் ஓட்டு இருந்த எல்லாரும் அவருக்கே போட்டார்கள். அவர் வென்றார்.

அடுத்த மாதமே தமிழருக்கு எதிரான கலவரம். பக்கத்து லயம் எரிந்தது. தம்பியின் வாயை அம்மா பொத்திக்கொள்ள, வென்றவரின் வீட்டுக்கு ஓடினோம். விறாந்தையில் நின்றவர் எங்களைப் பார்த்தார். உள்ளே போய் விளக்கை அணைத்தார். கேட் திறக்கவில்லை. பின்னால் கூச்சல் நெருங்கியது.

தோற்றவர்தான் எங்களைத் தன் வீட்டுக்குள் விட்டார். அப்போதும் அவர் சிரிக்கவில்லை.

வேட்பாளரின் கை இன்னும் நீண்டே இருந்தது.

"சீனி போட்டுக் கலக்கிட்டேன் தம்பி," என்று கோப்பையை வைத்தேன். "எங்க குழாயில தண்ணி வரல்ல. அதுக்கு என்ன செய்வீங்க?"