ஒரு கையால் திறக்கிற பானெட்

என் மனைவியின் கார் எந்தக் கம்பெனிக் கார் என்று சொல்லமாட்டேன். சொன்னால் அதே மாடல் வைத்திருப்பவர்கள் வந்து, அதில் பானெட் இப்படித் திறக்காது, அப்படித்தான் திறக்கும் என்று சண்டைக்கு நிற்பார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய கார். கனமான தகடு. பானெட்டின் பின்பக்கம் வலமும் இடமுமாக இரண்டு கீல், ஒவ்வொரு கீலிலும் ஒரு தடித்த ஸ்பிரிங். தூக்கும்போது பாதி கனத்தை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும், மீதியைத் தூக்குகிற கை வாங்கிக்கொள்ள வேண்டும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

கார் முதலில் என் மாமனாருடையது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மொத்த மளிகை வியாபாரம் செய்தவர். இரண்டு மகன்கள் இருந்தும் சாவியை மகளிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார். பையன்கள் இரண்டு பேரும் வண்டியை அடித்து ஓட்டுவார்கள், இவள்தான் கேட்டு ஓட்டுவாள் என்பது அவர் கணக்கு. என்னை அவள் ஓட்ட விட்டதே இல்லை. நான் கியர் போடும் சத்தம் கேட்டால் அவளுக்குப் பல் கூசுமாம்.

எங்கள் வீடு திருவொற்றியூரில், கடற்கரையிலிருந்து இரண்டாவது தெரு. அந்தக் காரின் ரேடியேட்டருக்கு எப்போதும் தாகம். அதனால் தினமும் காலையில் அவள் பானெட்டைத் திறந்து தண்ணீர் ஊற்றி, ஆயில் பார்த்து, மூடிவிட்டுத்தான் வண்டியை எடுப்பாள். திறக்காமல் எடுத்தால் பக்கத்து எர்ணாவூரைக்கூடத் தாண்டாது.

போன வருஷத்துக்கு முந்தின மார்கழியில் அவளுக்கு வலது மார்பில் கட்டி என்று ஆபரேஷன் நடந்தது. அக்குளில் இருந்தும் கொஞ்சம் எடுத்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்று சொன்ன டாக்டரே, வலது கையால் இனிமேல் கனம் தூக்கக் கூடாது, தூக்கினால் கை வீங்கிக்கொள்ளும் என்றும் சொன்னார். புண் ஆறின பிறகு ஸ்டியரிங் பிடிக்கலாம், எழுதலாம், சமைக்கலாம். தூக்கத்தான் கூடாது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவளை எதையும் தூக்க விடவில்லை. குடத்தை நான் தூக்கினேன். அரிசி மூட்டையைப் பக்கத்து வீட்டுக்காரர் தூக்கினார். அவள் அண்ணி வந்தால் கையில் இருக்கிற காபி டம்ளரைக்கூடப் பிடுங்கி வைப்பாள். என் மனைவி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எட்டு மாதம் கார் ஷெட்டில் நின்றது. வாரம் ஒருமுறை நான் பானெட்டைத் தூக்கித் தண்ணீர் ஊற்ற, தெரிந்த மெக்கானிக் வந்து இன்ஜினை ஓடவிட்டுப் போனார். எனக்கு இரண்டு கை இருந்தது, கனம் ஒன்றும் தெரியவில்லை.

டாக்டர் ஓட்டலாம் என்று சொன்ன மறுநாள் காலை, என்னிடம் சொல்லாமல் அவளே ஷெட்டுக்குப் போய்விட்டாள். இடது கையால் பானெட்டைத் தூக்கியிருக்கிறாள். பாதியில் நின்றுவிட்டது. தம் பிடித்துத் தள்ளியிருக்கிறாள். இடது ஸ்பிரிங்கின் கொக்கி முறிந்து பானெட் கோணலாகக் கீழே வந்தது. அந்தச் சத்தத்தில் நான் பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு ஓடினேன். மணிக்கட்டில் ஒரு சிராய்ப்போடு தப்பித்திருந்தாள். எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன்.

நான் கத்தி முடிக்கிறவரை அவள் சிராய்ப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"தெனமும் நான் வந்து தூக்கி வுடறேன், இன்னா இப்போ?" என்றேன்.

"நீங்க இல்லாத அன்னிக்கு? நடுரோட்டுல நின்னா?" என்றாள். "என்னால திறக்க முடியாத வண்டி எனக்கு எதுக்குங்க. இந்த மாசத்துக்குள்ள நானே திறக்கிற மாதிரி ஆகலைன்னா அடையாத்துக்காரருக்குக் குடுத்துடலாம்."

அடையாறில் பழைய கார்கள் சேர்க்கிற ஒருவர் இரண்டு வருஷமாக ஃபோன் செய்துகொண்டே இருக்கிறார். இத்தனை நாள் அவள் அவருக்குச் சிரித்துப் பேசி ஃபோனை வைத்துவிடுவாள். அன்றைக்குத்தான் முதல்முறை அவர் பெயரை நிஜமாகவே எடுத்தாள். எனக்குக் கவலையாகிவிட்டது. கார் போவதைப் பற்றி அல்ல. குடத்தையும் அரிசியையும் விட்டுக்கொடுத்தவள், இதையும் விட்டுக்கொடுக்கத் தயாராகிவிட்டாளே என்று.

நான் முப்பது வருஷம் இந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்தவன். எங்கள் ஆட்களுக்கு ஒரே வைத்தியம்தான் தெரியும்: ஒரு சைஸ் ஏற்றிப் போடு. போல்ட் முறிந்தால் அடுத்த சைஸ் போல்ட், கயிறு அறுந்தால் அடுத்த தடிமன் கயிறு. எண்ணூர் நெடுஞ்சாலையில் பழைய டிரெய்லர்களை உடைக்கிற காயலான் கடைக்குப் போய், அரை நாள் துருவைக் கிளறி, டிரெய்லர் கதவிலிருந்து கழற்றிய இரண்டு ஸ்பிரிங் கொண்டுவந்தேன். நல்ல முரட்டு ஸ்பிரிங்.

மாட்டுவதற்கு ஒரு வழி இருக்கிறது. ஸ்பிரிங்கை முழங்காலில் வைத்து வளைத்து, சுருள்களுக்கு நடுவில் வாஷர்களைச் செருகிக்கொண்டே போனால் அது நீண்டு நிற்கும். நீட்டிய ஸ்பிரிங்கைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் பானெட்டை இறக்கினால் அது இன்னும் விரியும், வாஷர்கள் தானாக உதிர்ந்துவிடும். ஆனால் பானெட் இறங்க மாட்டேன் என்றது. என் மொத்த எடையையும் அதன் மேல் போட்டுத்தான் இறக்கினேன். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

அவளைக் கூப்பிட்டேன். உள்ளே லீவரை இழுத்தாள். பானெட் தானாகவே துள்ளி மேலே போனது. அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு மூடப் போனாள். இடது கையால் இழுத்தாள், வரவில்லை. தொங்கிப் பார்த்தாள், வரவில்லை. வலது கையும் மேலே போனது. ஐயோ அந்தக் கை வேண்டாம் என்று கத்திக்கொண்டே நான் பாய்ந்து அழுத்தினேன். வலது கீலுக்குப் பக்கத்தில் டொக்கென்று ஒரு சத்தம். பானெட் தகடு மடிந்து, பெயிண்ட் விரிசல் விட்டிருந்தது.

அவள் அந்த மடிப்பை விரலால் ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள், சரியாக மூடாத பானெட்டை மீன்பிடி நைலான் கயிற்றால் கட்டிக்கொண்டு ராயபுரத்துக்குப் போனோம். அவள் ஓட்டினாள். ராயபுரத்தில் கார்த் தகடு தட்டி நிமிர்த்துகிற டிங்கரிங் கடை வைத்திருப்பவன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். நான் போனாலே ஏதாவது கிண்டல் பண்ணுவான். அன்றைக்கு மடிப்பைப் பார்த்ததும் கிண்டலை விட்டுவிட்டு இரண்டு ஸ்பிரிங்கையும் கழற்றிப் போட்டான். பானெட்டையும் இறக்கி வைத்தான். பிறகு வெறும் கீலைக் கையால் ஆட்டிப் பார்க்கச் சொன்னான். இடது கீல் ஆடியது. வலது கீல் அசையவே இல்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினால்தான் ஒரு விரற்கடை நகர்ந்தது.

கத்தியை எடுத்து அந்தக் கீலைச் சுரண்டினான். சிவப்பு வந்தது. அதன் கீழே இன்னொரு சிவப்பு. இன்னும் கீழே இன்னொன்று. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் பொங்கலுக்கு முந்தின வாரம் எல்லார் வீட்டிலும் ரெட் ஆக்சைடு பெயிண்ட் டப்பா திறக்கும். கடல் காற்று இரும்பைத் தின்றுவிடும், அதனால் கேட், ஜன்னல் கம்பி, குழாய், மொட்டை மாடி ஏணி, எதையும் விடமாட்டோம். அடிக்காத வீட்டுக்காரனைச் சோம்பேறி என்று தெருவே பேசும். நான் கேட்டை முடித்துவிட்டு மிச்ச பெயிண்ட்டோடு ஷெட்டுக்குப் போய், பானெட்டைத் திறந்து கீல்களுக்கும் அடிப்பேன். பிரஷ்ஷின் நுனியால் மூட்டுக்குள்ளே, அதைக் கோத்திருக்கிற இரும்புப் பின் வரைக்கும் இறங்குகிற மாதிரி நன்றாகத் தொட்டுத் தொட்டு வைப்பேன். இருபது வருஷத்துக்கு மேல். இடது பக்கம் பேட்டரி மறைக்கும், பிரஷ் சரியாகப் போகாது. அதனால் அந்தக் கீல் பிழைத்தது. வலது கீல் இறுகிப்போக, தூக்குகிற பாரம் முழுக்க இடது ஸ்பிரிங் மேல் கோணலாக ஏறி, கடைசியில் அது முறிந்தது.

"ஸ்பிரிங்கு இன்னா மாமு பண்ணும்?" என்றான். "கீலை நீ பெயிண்டு போட்டுப் பூட்டி வெச்சிக்கீறே. பாவம் தங்கச்சி, இத்தினி வருசமா உன் பெயிண்டையும் சேத்துத் தூக்கிகினு கீது."

அவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். "வருஷா வருஷம் கனம் கூடுதேன்னு பாத்தேண்ணே," என்றாள் அவனிடம். "எனக்குத்தான் வயசாகுதுன்னு நெனச்சேன்."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த பொங்கலிலும் நான் அடித்தேன். அந்த வருஷம் இரண்டு கோட். அவள் எழுந்து வரும்போது வண்டி துரு இல்லாமல் இருக்க வேண்டும் என்று. பெயிண்ட் வாசனை அவளுக்குக் குமட்டும் என்று ஜன்னலைச் சாத்திவிட்டுப் போய் அடித்தேன்.

வேலை நான்கு நாள் ஆனது. கீல் இருந்த இடத்தைச் சுற்றிக் கோடு கிழித்து வைத்துக்கொண்டு, இரண்டையும் கழற்றினோம். கோடு இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது பானெட் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து இரண்டு நாள் ஊறப்போட்டோம். பெயிண்ட்டை நான்தான் சுரண்டினேன், வேறு யாரையும் தொட விடவில்லை. வலது பக்கத்துப் பின்னைத் தட்டி எடுத்தபோது அது நடுவில் தேய்ந்து பாதியாக இருந்தது. லேத்தில் கொடுத்துப் புதுப் பின் கடைந்தோம்.

ஸ்பிரிங் விஷயத்தில் அவள் குறுக்கே வந்தாள். இந்த முறை சைஸ் ஏற்றக் கூடாது, பழையது எப்படியோ அப்படியே வேண்டும் என்றாள். முறியாமல் இருந்த வலது ஸ்பிரிங்கைக் காட்டி அதே கம்பியில் இரண்டு புது ஸ்பிரிங் சுற்றி வாங்கினோம். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அவள் அப்பா கடையில் இருந்த இரும்பு எடைக்கற்களைக் கொண்டுவரச் சொன்னாள். டிங்கரிங் கடை உத்தரத்தில் பழையதையும் புதியவற்றையும் வரிசையாகத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றிலும் பத்து கிலோவை மாட்டி, அவளே டேப் வைத்து அளந்தாள். ஒரு ஸ்பிரிங் அரை இஞ்சு குறைவாக நீண்டது. அதைத் திருப்பி அனுப்பி வேறு சுற்றி வரவைத்தாள். வியாபாரி மகள் இல்லையா.

என் தோஸ்து மடிப்பைக் கீழிருந்து மரக்கட்டை வைத்துத் தட்டி எடுத்தான். வெயிலில் சாய்வாகப் பார்த்தால் இன்னும் தெரியும். மாட்டி முடித்ததும், பானெட்டைப் பாதியில் விட்டுப் பார்த்தோம். விட்ட இடத்தில் நின்றது. கீலுக்கு எண்ணெய் மட்டும்தான், பிரஷ்ஷை எடுத்தால் கையை ஒடித்துவிடுவேன் என்று என்னிடம் சொல்லி அனுப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் ஷெட்டுக்குப் போனாள். நானும் போனேன்.

"நீங்க உள்ளே போங்க," என்றாள்.

சும்மாதான் நிற்பேன் என்றேன்.

"நீங்க நிப்பீங்க, உங்க கை நிக்காது. போங்க."

போய்க் கதவுக்குப் பின்னால் நின்றேன். லீவர் இழுக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. ஓடிப் போய்விடலாமா என்று இருந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் வந்தது. பிறகு பானெட் மூடுகிற சத்தம், மெதுவாக. வண்டி கிளம்பிப் போய்விட்டது. எங்கே என்றுகூடச் சொல்லவில்லை.

ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு ஆனது. ஓட்டும்போது ஃபோன் எடுக்கமாட்டாள் என்று தெரிந்தும் நான்கு தடவை அடித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். பன்னிரண்டு மணிக்கு வந்தாள். புடவையில் தண்ணீர் தெறித்த கறை, இடது கையில் எண்ணெய்க் கரி. எண்ணூர்ப் பக்கம் நெட்டுக்குப்பத்தில் மீன் வாங்கலாம் என்று கிளம்பி, அப்படியே மணலி புதுநகர் வரை போய்விட்டாளாம். போகிற வழியில் லாரிகள் வரிசையாக நின்றதில் மாட்டி, ரேடியேட்டர் கொதித்துவிட்டதாம். ஓரமாக நிறுத்தியதும் இரண்டு லாரி டிரைவர்கள் இறங்கி ஓடிவந்து, தள்ளிக்கோம்மா, நாங்க தூக்கறோம் என்றார்களாம்.

"நீ இன்னா சொன்னே?" என்றேன்.

"வேணாம்பான்னேன்," என்றாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஆபரேஷனுக்கு அப்புறம் அந்த வார்த்தையை யார்கிட்டயும் சொன்னதில்லைங்க. ஆளாளுக்குத் தூக்கிக் குடுத்தீங்க, வாங்கிக்கிட்டேன். இன்னிக்கு வேணாம்னு சொல்லிட்டு நானே திறந்தேன்."

அவள் வலது கையை எடுத்துப் பார்த்தேன். வீங்கவில்லை. கையை விடாமலே எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கத் தோன்றவில்லை, அவள் பார்க்கட்டும் என்றே அழுதேன்.